மூக்கு நுனியா, முழங்காலா?

சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகனுக்கு 14 வயது. அவன் கணினியில் எழுத ஒரு வழி தேடினோம். பெருமூளை வாதம். கை சொன்னபடி கேட்காது. பேச்சு வீட்டாருக்கு மட்டும்தான் புரியும். பக்கத்து அறையில் தறி வேறு ஓடுகிறது. குரலால் தட்டச்சு செய்யும் யோசனையை முதல் நாளே விட்டோம். மிஞ்சியவை இரண்டு வழி.

ஒன்று, பாஸ்டன் கல்லூரியில் உருவான கேமரா மவுஸ். இலவசம். மடிக்கணினிக் கேமரா மூக்கு நுனியைப் பிடித்துக்கொள்ளும். தலை போகும் பக்கம் அம்புக்குறி போகும். ஓரிடத்தில் நிறுத்தினால் கிளிக். காலை வெளிச்சத்தில் அருமையாக ஓடியது. சாயங்காலம் மூக்கை விட்டுவிட்டுச் சுவர்க் காலண்டரைப் பிடித்துக்கொண்டது. உடம்பு விறைக்கும்போது தலை வெட்டும், அம்புக்குறி மூலைக்குப் பறக்கும். அரை மணியில் கழுத்து ஓய்ந்துவிடும்.

இன்னொன்று ஒற்றை சுவிட்ச். திரையில் வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய வரிசை வந்ததும் ஒரு தட்டு. பிறகு அந்த வரிசையின் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும், வேண்டிய எழுத்துக்கு இன்னொரு தட்டு. ஸ்டீபன் ஹாக்கிங் கன்னத் தசையை அசைத்துச் செய்ததும் இதே வேலைதான். பழைய மவுஸைப் பிரித்து, இடது பொத்தானுக்கு அடியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து, காலிங்பெல் சுவிட்சில் சேர்த்தோம். பற்றவைத்துக் கொடுத்தவர் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர். கூலி வாங்கவில்லை.

எழுத்துகளை எப்படி அடுக்குவது? 247ஐயும் பரப்பினால் விடிந்துவிடும். தமிழ்99 விசைப்பலகை முறையில் க, ஆ என்று அடுத்தடுத்து அழுத்தினால் கா வந்துவிடுமே! ஆகவே ஆறுக்கு ஆறு கட்டம் போதும். உயிருக்கு இரண்டு வரிசை. வல்லினம், மெல்லினம், இடையினத்துக்கு ஆளுக்கொன்று. கடைசியில் ஆய்தம், புள்ளி, இடைவெளி வகையறா. அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ. இரட்டிக்கும் மகரத்துக்குப் புள்ளி தானே விழும். ஒளி ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு எழுத்திலும் ஒரு நொடி நின்றால் மொத்தம் 23 நொடி. மூக்கு மவுஸில், நல்ல நாளில், இதில் பாதிகூட ஆகாது.

இருந்தாலும் என் ஓட்டு சுவிட்சுக்குத்தான். இருட்டினாலும் விறைத்தாலும் அது வைத்த இடத்தை விட்டு நகர்வதில்லை. முதலில் கையருகே வைத்தது என் தப்பு. விறைப்பில் தானாகவே தட்டிக்கொண்டிருந்தது. இடது முழங்காலின் உட்பக்கம் மாற்றினோம், சரியாயிற்று. வேகத்தையும் ஒன்றரை நொடியாகக் குறைத்தோம். இப்போது ‘அம்மா’ என்று அடிக்கக் கிட்டத்தட்ட 35 நொடி.

அக்கா பொறுக்க மாட்டாமல் இரண்டாம் எழுத்திலேயே “என்னடா சாமி?” என்று வந்து நிற்கிறாள். அவன் முறைத்துவிட்டு மிச்சத்தையும் அடித்து முடிக்கிறான்.