வைரல் லோடு டெஸ்டுக்கு ரூ.4,800 வாங்கிக்கொண்டு ‘டிடெக்டட்’ என்று ஒரு வார்த்தை

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஆப் ஒன்று. பெயர் போடவில்லை. ரூ.4,800 போச்சு, வயிறு எரிகிறது.

அண்ணிக்கு ஏழாம் மாதம், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் பாசிட்டிவ். டாக்டர் சீட்டில் தெளிவாக ‘எச்பிவி டிஎன்ஏ குவான்டிடேட்டிவ்’ என்று எழுதியிருந்தார். அதுதான் வைரல் லோடு, ரத்தத்தில் அந்த வைரஸ் எவ்வளவு என்று எண்ணிக்கையில் சொல்வது. ஒரு மில்லிலிட்டருக்கு 2,00,000 ஐயு-வுக்கு (வைரஸை அளக்கும் அலகு) மேல் போனால் 28 வாரம் வாக்கில் டெனோஃபோவிர் என்ற வைரஸ் மாத்திரையைத் தொடங்க வேண்டும். அந்த அளவு வைரஸ் இருந்தால், பிறந்தவுடன் குழந்தைக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசி) போட்டாலும் சில சமயம் தொற்றிவிடும். தள்ளிப்போட நாள் இல்லை.

வந்த பையனைச் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. யூனிஃபார்ம், புதுக் கையுறை, ஊதா மூடி ஈடிடிஏ ட்யூப், பார்கோடு. சீட்டையும் போட்டோ எடுத்துக்கொண்டான். “வைரல் லோடுதானே மேடம், தினமும் எடுக்கிறோம்” என்றான்.

ரிப்போர்ட்டில் ‘டிடெக்டட்’. அவ்வளவுதான். ஐயு இல்லை, அதே எண்ணைச் சுருக்கி எழுதும் லாக்கும் இல்லை. அது குவாலிடேட்டிவ் பிசிஆர். வைரஸ் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். உண்டு என்பதுதான் முன்பே தெரியுமே! மில்லிக்கு 500 இருந்தாலும் 5 கோடி இருந்தாலும் அதே வார்த்தைதான் வரும். இதற்கா ரூ.4,800?

சாட்டில் கேட்டால், “பிசிஆர் செய்யப்பட்டுள்ளது, மருத்துவரை அணுகவும்.” போனில், “லேபைக் கேளுங்க.” லேபில், “ஆப்ல புக் ஆனதைத்தான் போட்டோம்.” பணம்? “சாம்பிள் பிராசஸ் ஆயிடுச்சு சார், ரீஃபண்ட் வராது.” இதெல்லாம்கூடப் போகட்டும். இன்னும் ரூ.2,000 கட்டினால் அதே சாம்பிளில் எண்ணிக்கை போட்டுத் தருவார்களாம். ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை (அணுக்கள் நீக்கிய திரவம்) எப்போது பிரித்தீர்கள், எத்தனை டிகிரியில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் லைன் கட். வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி டிஎன்ஏ வைரஸ், கொஞ்சம் தாங்கும். எச்ஐவி, ஹெபடைடிஸ் சி என்றால் அவை ஆர்என்ஏ வைரஸ்கள், அந்த ஆர்என்ஏ சிதைந்து எண்ணிக்கை குறைத்துக் காட்டும், நோயாளி மருந்து கேட்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

ரூ.4,800 கட்டுவதற்கு முன்னால்:

புக்கிங்கில் ‘குவான்டிடேட்டிவ்’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். மாதிரி ரிப்போர்ட் கேளுங்கள், ஐயு/மிலி-யும் கருவி எண்ணக்கூடிய குறைந்தபட்ச அளவும் அதில் இருக்க வேண்டும். என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், அங்கீகாரப் பட்டியலில் இந்த டெஸ்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசமாகவே வைரல் லோடு பார்க்கிறார்கள், முதலில் அங்கே விசாரியுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. பச்சை மூடி ட்யூபை எடுத்தால் கையை நீட்டாதீர்கள், அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இருக்கும், அது பிசிஆரையே கெடுத்துவிடும்.