கேபிளை வெட்டுவதா, டேட்டாவை வெட்டுவதா?

செலவைக் குறைப்பது என்று ஒரு வீடு முடிவெடுத்தால் முதலில் கை வைப்பது கேபிளில்தான். "எல்லாமே மொபைல்ல வருதே, இது எதுக்கு தண்டம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் நான்கு பேர் இருக்கும், ஏற்கெனவே வைஃபை போட்ட வீட்டில் காகிதத்தில் கணக்கு எழுதிப் பார்த்தால் பணம் போகிற வழி வேறாக இருக்கிறது.

முதலில் போன். 2024 ஜூலையில் எல்லாத் தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை ஏற்றியபோது, ஜியோவின் தினம் 1.5 ஜிபி பேக் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. அது 28 நாளுக்கு. அதாவது வருடத்துக்கு 12 ரீசார்ஜ் இல்லை, 13. ஒரு போனுக்கு 3,887 ரூபாய், நான்கு போனுக்கு 15,548. மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 1,300. இதே வீட்டில் வைஃபைக்கு என்ன செலவு? ஜியோ ஃபைபரின் 30 எம்பிபிஎஸ் வேகத் திட்டம் மாதம் 399, ஜிஎஸ்டி சேர்த்து 470.82. ஏர்டெலின் 40 எம்பிபிஎஸ் 499, வரியோடு 588.82. மாதம் 3,300 ஜிபி வரை தருகிற இணைப்பைச் சுவரில் மாட்டிவிட்டு, அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போன் டேட்டாவுக்கு அழுதுகொண்டிருக்கிறோம். அந்த டேட்டாவில் நிறைய, வீட்டோடு இருப்பவர்களின் போனில் தொடப்படாமலே நள்ளிரவில் காலாவதியாகிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் போட்ட உத்தரவால் டேட்டா இல்லாத பேக்குகள் வந்தன. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும். 2025 ஜனவரியில் ஜியோ வைத்த விலை 84 நாளுக்கு 448. ஏர்டெல் 84 நாளுக்கு 469, வருடத்துக்கு 1,849. 28 நாள் பேக்கை மூன்று முறை போட்டால் 897 ஆகிறது, இது 448. சரியாகப் பாதி. அப்பா, அம்மா இருவர் போனையும் மாற்றினால் வருடத்தில் கிட்டத்தட்ட 3,900 ரூபாய் மிச்சம். இந்த பேக்குகளை ஆப்பின் முகப்பில் காட்ட மாட்டார்கள், கொஞ்சம் தேட வேண்டும். விலையும் மாறிக்கொண்டே இருக்கும், போடுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பூக்காரம்மா முன்னால் நின்று க்யூஆரை ஸ்கேன் செய்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் தெருவில் வைஃபை கிடையாது. நெட் இல்லாமலே *99# அடித்துப் பணம் அனுப்பலாம்தான், ஆனால் பின்னால் நாலு பேர் நிற்கும்போது அந்த மெனுவில் ஒவ்வொரு எண்ணாக அழுத்திக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஆகவே வெளியே ஜிபே பயன்படுத்துகிறவருக்கு இது ஒத்துவராது. தாத்தா பாட்டிக்கும், வீட்டை விட்டு அதிகம் நகராதவர்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

இப்போது கேபிள். தனிக் காசு கட்ட வேண்டிய பே சேனல்கள் இல்லாத அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு பல வருடங்களாக 130 ரூபாய், வரியோடு 153.40 என்றிருந்தது. 2024ல் டிராய் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது, எனவே உங்கள் கேபிள்காரர் சொல்வதுதான் விலை. அதை நிறுத்தினால் என்ன வாங்க வேண்டியிருக்கும்? சன் டிவி சீரியலுக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டிவிக்கு ஜியோஹாட்ஸ்டார். இரண்டு சந்தா. டிவி பழையது என்றால் நெட்டில் வருவதை அதில் காட்ட, டிவியில் செருகும் ஒரு ஸ்டிக்கும் வேண்டும். செய்திச் சேனல்கள் மட்டும் யூட்யூபில் இலவசம். இதை விடப் பெரிய பிரச்சனை, ஃபைபர் எங்காவது அறுந்தால் நெட், டிவி இரண்டும் ஒன்றாகப் படுத்துவிடும். எங்கள் தெருவில் சாலை தோண்டும் போதெல்லாம் நடக்கிற கதை இது. கேபிள்காரராவது போன் செய்தால் ஏணியோடு வந்துவிடுவார், கஸ்டமர் கேர் டிக்கெட் எண்தான் தரும்.

சீரியல் பார்க்கிறவர் வீட்டில் இருந்தால் கேபிளை அப்படியே வைத்துக்கொண்டு, பார்க்காத பே சேனல் பேக்குகளை மட்டும் நீக்கச் சொல்லுங்கள் என்பேன். யாரும் சீரியல் பார்ப்பதில்லை என்றால் தயங்காமல் வெட்டலாம். தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் மாதச் சந்தா இல்லாதது, ஆனால் டிடி தமிழைத் தாண்டித் தமிழில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

வைஃபையில் வேகத்தைக் கூட்டி விற்கத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 30ல் இரண்டு டிவியும் நாலு போனும் ஓடும். பிஎஸ்என்எல்லில் 449க்கு 50 எம்பிபிஎஸ் உண்டு, ஆனால் உங்கள் பகுதியில் இணைப்பு கொடுக்கிற ஆள் எப்படி என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

தனி அறை எடுத்துத் தங்கியிருக்கிறவருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவருக்கு வைஃபையும் வேண்டாம், கேபிளும் வேண்டாம், ஒரு நல்ல டேட்டா பேக் போதும்.