ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2: பிஎஸ்4ல முடிச்சவங்க பிசில இன்னொரு தடவை ஆடலாமா?

புது பிசி அசெம்பிள் பண்ணி முடிச்ச அன்னைக்கு முதல்ல என்ன கேம் போடுறதுன்னு யோசிச்சா மனசு நேரா ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ங்கிற கவ்பாய் கேமோட ஹீரோ ஆர்தர் மார்கன்கிட்ட போய் நின்னுடுச்சு. 2018 அக்டோபர்ல பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) கன்சோல்ல வந்தப்போ வாங்கி, ரெண்டு டிஸ்க் மாத்தி இன்ஸ்டால் பண்ணி, ரெண்டு மாசத்துல எபிலாக் வரைக்கும் முடிச்சவன் நான். ஃப்ரெண்டு கேட்டான், "கதைதான் முழுசா தெரியுமே மச்சான், அந்தக் காசுக்கு ஒரு புது கேம் வாங்கலாமே"ன்னு. நியாயமான கேள்விதான், அதனாலேயே மூணு வாரம் வாங்காம இழுத்துட்டே இருந்தேன். கடைசில சேல் வந்துச்சு, வாங்கிட்டேன், இப்போ சாப்டர் 3ல இருக்கேன். அதே குழப்பத்துல இருக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். பிஎஸ்4ல முடிச்சவங்களுக்குன்னு எழுதுறதால கதை விஷயமும் கொஞ்சம் வரும், இன்னும் ஆடாதவங்க இதோட நிறுத்திக்கோங்க.

முதல்ல எல்லாரும் கேக்குற விஷயம், ஃப்ரேம் ரேட், அதாவது ஒரு செகண்டுக்கு எத்தனை படம் ஓடுதுங்கிறது. கன்சோல்ல இந்த கேம் 30 தான், பிஎஸ்5 வந்தப்புறமும் அதே பிஎஸ்4 வெர்ஷன் அதே 30லதான் ஓடுச்சு. 2019 நவம்பர்ல வந்த பிசி வெர்ஷன்ல அந்தக் கட்டு கிடையாது. என்கிட்ட இருக்கிறது ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 1440பி மானிட்டர். டிஎல்எஸ்எஸ்ஸை (சின்னப் படத்தை ஏஐ வச்சுப் பெருசாக்கி வேகம் கூட்டுற வசதி) குவாலிட்டில வச்சு செட்டிங்ஸை கொஞ்சம் பாத்து வச்சா பெரும்பாலும் 60க்கு மேல நிக்குது, செயிண்ட் டெனிஸ் மாதிரி டவுனுக்குள்ள போனா கொஞ்சம் இறங்கும். 60ல பெருசா மாறினது சண்டைதான். பிஎஸ்4ல குதிரை மேல இருந்து ஒருத்தனை சுடணும்னா டெட் ஐ (நேரத்தை மெதுவாக்கிக் குறி பாக்குற வசதி) போடாம எனக்கு முடியாது, இப்போ மவுஸ்ல சாதாரணமாவே தலையைக் குறி பாத்து அடிக்க முடியுது. ஆனா குதிரை ஓட்டுறதுக்கு கீபோர்டு வேண்டவே வேண்டாம். கேம்ப்ல மெதுவா நடக்குறது, குதிரையை இன்னொருத்தரோட வேகத்துக்கு சரியா ஒட்டி ஓட்டுறது இதெல்லாம் கேம்பேட் ஸ்டிக்லதான் கைக்கு இதமா இருக்கு, அதனால பேடும் மடியில இருக்கும், மவுஸும் பக்கத்துல இருக்கும், சண்டை ஆரம்பிச்சா கை அங்க போயிடும்.

செட்டிங்ஸ் பத்தி ரெண்டே விஷயம். எம்எஸ்ஏஏ (ஓரங்களை வழவழப்பாக்குறது), ட்ரீ டெஸலேஷன் (மரத்துல மேடு பள்ளம் காட்டுறது) ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க, வாட்டர் ஃபிசிக்ஸ் ஸ்லைடரைப் பாதிக்கு மேல ஏத்தாதீங்க, இந்த மூணும் கார்டோட சக்தியைத் தின்னுற அளவுக்கு கண்ணுக்கு ஒன்னும் தெரியாது. 1080பி மானிட்டர்னா இந்த கேமோட டிஏஏ (இதுவும் ஓரங்களை வழவழப்பாக்குற ஒரு செட்டிங்தான்) படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிடும், குதிரையோட பிடரி மயிர்லயும் மரக்கிளைலயும் அது நல்லாவே தெரியும். கார்டுல தெம்பு இருந்தா ரெசல்யூஷன் ஸ்கேலை ஒரு படி ஏத்திப் பாருங்க.

சரி, இதெல்லாம் எந்த வீடியோல வேணா கிடைக்கும். நான் எதிர்பாக்காத ஒன்னு உட்காருற தூரம். பிஎஸ்4ல ஆடுனப்போ டிவிக்கும் சோஃபாவுக்கும் நடுவுல எட்டு அடி இருக்கும். ஆர்தர் ஒரு டைரி வச்சிருப்பான்ல, மிஷன் முடிய முடிய எழுதுவான், பாத்த மிருகம் செடியெல்லாம் பென்சில்ல வரைஞ்சு வைப்பான். அத்தனை மணி நேரம் ஆடியும் அந்த டைரியை நான் நாலஞ்சு தடவைக்கு மேல திறக்கவே இல்ல, கோழிக் கிறுக்கல் மாதிரி தெரிஞ்சா யாரு படிப்பா? இப்போ மானிட்டர் ரெண்டடி தூரத்துல இருக்கு. கேம் ஆரம்பிக்கிற கோல்டர் பனியை விட்டு ஹார்ஸ்ஷூ ஓவர்லுக் கேம்புக்கு வந்து சேர்ந்த ராத்திரி சும்மா திறந்தேன், ஒரு மணி நேரம் அதுலயே போயிடுச்சு. வெளிய முரட்டுத்தனமா அளவா பேசுற ஆளு உள்ள இவ்வளவு யோசிக்கிறான், கேங் தலைவன் டச் மேல அப்பவே ஒரு சந்தேகம் இருக்கு, தன்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை எழுத மாட்டேங்குறான். இது எல்லாமே பிஎஸ்4 டிஸ்க்லயும் இருந்துச்சு, ஆனா எனக்கு இப்போதான் கிடைச்சுது. இப்போ ஒவ்வொரு மிஷன் முடிஞ்சதும் முதல் வேலை டைரியைத் திறக்குறதுதான்.

கதை தெரிஞ்சிருக்கிறது நஷ்டம்னு நினைச்சேன், அதுவும் தப்பு. சாப்டர் 2ல, கேங்ல வட்டிக்கு விடுற ஸ்ட்ராஸ் கொடுத்த கடன் லிஸ்ட்ல இருக்கிற டவுன்ஸ்ங்கிற ஆளு வீட்டுக்குக் காசு வசூலிக்கப் போகணும். முதல் தடவை அது இன்னொரு மிஷன், அவ்வளவுதான், அடிச்சோம் வந்தோம். இந்தத் தடவை அந்த வேலிக்கு வெளிய குதிரையை நிறுத்திட்டு உள்ள போக மனசு வராம ரொம்ப நேரம் நின்னேன். ஆர்தருக்குக் காசநோய் ஒட்டுறதே அங்கதான், அந்த ஆளு முகத்துக்கு நேரா இருமுற அந்த ஒரு நொடி, ஆர்தர் கன்னத்துல தெறிக்கிற ரத்தம், இவ்வளவு கிட்டத்துல பாக்கும்போது வயித்தைப் பிசையுது. அதைத் தாண்டாம கதையை முடிக்கவும் முடியாது, அதுதான் கஷ்டமே.

இனி காசு செலவு பண்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது. பிஎஸ்4 சேவ் ஃபைல் இங்க வராது, பழைய குதிரை, துப்பாக்கி, காசு எதுவும் கிடையாது, கோல்டர் பனில இருந்து திரும்ப முதல்ல இருந்து. 150 ஜிபி இடம் வேணும், எஸ்எஸ்டிலயே போடுங்க. நான் முதல்ல ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்ல போட்டேன், குதிரைல வேகமா போனா தரை டெக்ஸ்சர் நமக்கு அப்புறமா வந்து சேர்ந்துச்சு. ஸ்டீம்ல வாங்கினா 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குள்ள ஆடியிருந்தாதான் ரீஃபண்ட், அந்தப் பனி சாப்டர் மட்டுமே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் இழுக்கும், திறந்த வெளிக்கு வரும்போது ரீஃபண்ட் டைம் போயிருக்கும். அதனால வாங்கின உடனே கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்ல இருக்கிற பெஞ்ச்மார்க் டெஸ்ட்டை ஓட்டிப் பாருங்க, உங்க கார்டு தாங்குதான்னு அப்பவே தெரிஞ்சிடும். ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி அவங்க ரெகமண்ட் பண்ணுற கார்டு, அதுக்குக் கீழ இருந்தா கன்சோல்லயே இன்னொரு தடவை ஆடுறது மேல்.

இன்னொன்னு, டிராயரைத் திறந்து ஒவ்வொரு டப்பாவா எடுக்குறது, மானைத் தோலுரிக்கிறது, இந்த நிதானமெல்லாம் பிசிலயும் அப்படியேதான் இருக்கு. முதல் தடவையே அது எரிச்சலா இருந்தவங்களுக்கு 60 ஃப்ரேம் வந்து எதையும் மாத்திடாது, அவங்க தாராளமா விட்டுடலாம். 2010ல வந்த முதல் ரெட் டெட் 2024 அக்டோபர்லதான் பிசிக்கு வந்துச்சு, அதை ஆடாதவங்களா இருந்தா அதுக்குப் போங்க, ஜான் மார்ஸ்டன் கதை, இதைவிடச் சின்னது, வேகமாவும் போகும்.

அந்த நிதானம் பிடிச்சவங்க யோசிக்காம வாங்கலாம். நேத்து ராத்திரி ஆர்தர், டச், டச்சோட பழைய கூட்டாளி ஹோசியா மூணு பேரும் படகுல மீன் பிடிக்கப் போற இடம் வந்துச்சு. பிஎஸ்4ல தூண்டிலைப் போட்டு மீனை இழுத்துட்டு அடுத்த மிஷனுக்கு ஓடியிருப்பேன். நேத்து ஏரித் தண்ணில வெயில் ஆடுறதைப் பாத்துக்கிட்டு, ரெண்டு கிழவனுங்களும் பழைய கதை பேசுறதைக் கேட்டுக்கிட்டு, தூண்டிலைத் தொடாமலே உட்கார்ந்திருந்தேன். ஹோசியாவுக்கு இன்னும் ஒரு சாப்டர்தான் இருக்குன்னு எனக்குத் தெரியும். படகைக் கரைக்குத் திருப்பவே மனசு வரல.