சிஓபிடி இருக்கிறவங்களுக்கு கால் பலம் வரணும்னா எது நல்லது: நடையா, மூணு பந்து கருவியா, நாற்காலியா?

எங்க அம்மாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்குற நாள்பட்ட நுரையீரல் நோய். 30 வருஷம் விறகு அடுப்புல ஊதாங்குழல் வச்சு ஊதி ஊதி சமைச்சவங்க. இன்ஹேலர் எல்லாம் ஒழுங்காதான் போட்டுட்டு இருந்தாங்க, ஆனா போன வருஷம் கீழ உக்காந்தா எந்திரிக்கவே முடியல, "மூச்சு கூட பரவால்லடி, தொடைதான் விட்டுப்போகுது"ன்னாங்க. வயசாயிடுச்சுன்னு நாங்க விட்டுட்டோம், அதுதான் தப்பு.

இந்த வியாதி நெஞ்சோட நிக்காது. மூச்சு வாங்குதுன்னு நடக்கிறத குறைப்பாங்க, நடக்காததால தொடை கரையும், கரைஞ்ச தொடை கொஞ்சம் வேலை செஞ்சாலே சீக்கிரம் லாக்டிக் ஆசிட் சேரும், அத சமாளிக்க உடம்பு இன்னும் வேகமா மூச்சு விடச் சொல்லும், அப்புறம் இன்னும் நடக்க பயம். அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை போட்டிருந்தா தசை இன்னும் போகும். கையவிட தொடைக்குதான் அடி அதிகம்.

சரி, எத செய்யலாம்? முதல்ல மூணு பந்து கருவி, மூச்ச உள்ள இழுத்தா பந்து மேல ஏறுமே அதுதான், ஏன்னா எல்லார் வீட்லயும் அதுதான் இருக்கு, எங்க வீட்லயும் டிவி மேல இருந்துச்சு. அது பெரும்பாலும் ஆபரேஷன் ஆனவங்களுக்கு நுரையீரல் நல்லா விரியறதுக்கு குடுக்கிறது. மூச்சுத் தசைக்கு பலம் ஏத்துற கருவி வேற, உள்ள இழுக்கும்போது ஸ்பிரிங் எதிர்த்து நிக்கும், எவ்வளவு இறுக்கம்னு மாத்திக்கலாம். அதுலயும் ஒண்ணு சொல்லணும், ஐரோப்பாவுல மூச்சுத் தசை பலவீனமா இருந்தவங்கள வச்சு பண்ணி 2018ல வந்த ஆய்வுல, வழக்கமான பயிற்சியோட இதையும் சேர்த்தப்போ மூச்சுத் தசை பலமாச்சு, சைக்கிள் மிதிக்கிற நேரம் கூட கொஞ்சம் கூடுச்சு, ஆனா 6 நிமிஷ நடை தூரம் கூடுதலா ஏறல. அதனால இது துணைக்குதான், பந்து மூணும் மேல போச்சுன்னா தொடை பலமாயிடும்னு நம்பி இருந்துடாதீங்க.

நடை நல்லது, அதுல சந்தேகமே இல்ல. காசு வேண்டாம், மனசுக்கும் நல்லது, தெருவுல நாலு பேர் முகத்த பாக்கலாம். ஆனா மூச்சு ரொம்ப வாங்குறவங்களுக்கு கால் களைக்கிறதுக்கு முன்னாடியே மூச்சு நிறுத்திடும், அதனால தசைக்கு வேண்டிய வேலையே போய் சேராது. அம்மா முனை வீடு வரைக்கும் போய் திண்ணையில உக்காந்துடுவாங்க. 2 நிமிஷம் நடை, 1 நிமிஷம் நிக்கிறதுன்னு பிரிச்சதுக்கப்புறம்தான் தாண்டினாங்க.

என் ஓட்டு நாற்காலிக்குதான், அதாவது நாற்காலியில உக்காந்து உக்காந்து எந்திரிக்கிறதுக்கு. சில தசைகள மட்டும் கொஞ்ச நேரம் வேலை வாங்குறதால நடையவிட மூச்சு கம்மியா வாங்கும், ஆனா தொடைக்கு சரியான வேலை கிடைக்கும். கை வைக்காத மர நாற்காலிய சுவரோட ஒட்டி போட்டோம், நழுவக்கூடாதுல்ல. கைய மார்ல குறுக்க கட்டிக்கணும், எந்திரிக்கும்போது உதட்ட குவிச்சு ஊதணும், உக்காரும்போது மூக்கால இழுக்கணும். இந்த ஊதுற விஷயத்த மட்டும் விட்டுடாதீங்க, அம்மா முதல் வாரம் பல்ல கடிச்சு மூச்ச அடக்கிட்டுதான் எந்திரிச்சாங்க, முகமே செவந்துடும். 8 தடவை, ஓய்வு, மறுபடி 8, வாரத்துல 3 நாள், நடுவுல ஒரு நாள் விட்டு. கூடவே கால்ல ரப்பர் பேண்ட் (கலருக்கு ஏத்த மாதிரி இறுக்கம் மாறும்) மாட்டி முட்டிய நீட்டுறது. ஜிம் மெஷின் இல்லாம பேண்ட வச்சே பலம் வரும்.

படுக்கையிலயே இருக்கிறவங்களுக்கு தொடையில கரண்ட் வச்சு தூண்டுற முறை இருக்கு, அத பிசியோதான் பாத்து செய்யணும்.

கிடைச்சா ஆஸ்பத்திரியில நடத்துற பல்மனரி ரீஹேப்ல, அதாவது நுரையீரல் நோய் இருக்கிறவங்களுக்கான பயிற்சித் திட்டத்துல சேத்துடுங்க, நடை, பலப்பயிற்சி ரெண்டும் சேர்ந்தே இருக்கும், குறைஞ்சது 8 வாரமாவது போகணும். 2015ல 65 ஆய்வுகள ஒண்ணா வச்சு பாத்ததுல மூச்சுத்திணறல், களைப்பு, மனநிலை எல்லாமே தேறியிருந்துச்சு. நிறுத்தினா பலன் மெல்ல கரையும், அதனால வீட்ல தொடரணும்.

ஆரம்பிக்கும் முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க, முக்கியமா இதயத்தையும் பாத்துக்கோங்க. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர்ல ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்கு கீழ போனா, நெஞ்சு வலிச்சா, தலை சுத்துனா உடனே நிறுத்திடணும். சாப்பாட்டுல முட்டை, பருப்பு, சுண்டல் மாதிரி புரதம் இல்லாம தசை ஏறாது, வயிறு முட்ட சாப்பிட்டா மூச்சு முட்டும்னு அம்மாவுக்கு கொஞ்சம் கொஞ்சமா 5 வேளை குடுக்கிறோம்.

முதல் நாள் 1 நிமிஷத்துல 9 தடவை எந்திரிச்சாங்க, மூணு மாசத்துல 14. போன வெள்ளிக்கிழமை அரிவாள்மனை போட்டு கீழ உக்காந்து கீரை ஆஞ்சாங்க, முடிச்சதும் சுவத்த மட்டும் தொட்டுட்டு தானே எந்திரிச்சுட்டு, "மஞ்சள் பேண்ட் லேசா இருக்குடி, அடுத்த கலர் வாங்கிட்டு வா"ன்னாங்க.