தீவாந்தர தண்டனை: சிட்னி, சிங்கப்பூர், போர்ட் பிளேர், கயானா ஓர் ஒப்பீடு

தீவாந்தர தண்டனை என்றதும் அந்தமான் செல்லுலார் சிறைதான் நம் நினைவுக்கு வரும். அந்தச் சிறை எழும்புவதற்கு நூறாண்டு முன்பே கைதிகளைக் கடல் கடத்திக் குடியேற்றம் அமைப்பது தொடங்கிவிட்டது. இந்தக் குடியேற்றங்களை ஒப்பிடுவதற்குச் சுவரின் உயரம் உதவாது. கைதியின் உழைப்பு யாருக்குப் போனது, காவலுக்கு யார் நின்றார்கள், தண்டனை முடிந்தவன் கதி என்ன என்று கேட்டால்தான் வித்தியாசம் பிடிபடும்.

1788 ஜனவரி 26 அன்று 11 கப்பல்களில் பிரிட்டன் அனுப்பிய கைதிகளோடு சிட்னி தொடங்கியது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நிலத்தில்தான் இத்தனையும் நடந்தது. 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு ஏறத்தாழ 1,62,000 பேர் வந்து இறங்கினர். அரசு, கைதிகளில் பலரைத் தனியார் பண்ணைக்காரர்களிடம் ஒப்படைத்தது. சோறும் துணியும் எஜமானர் பொறுப்பு. கைதியைச் சாட்டையால் அடிக்க அவருக்கு உரிமையில்லை, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆனால் அந்த மாஜிஸ்திரேட் பெரும்பாலும் பக்கத்துப் பண்ணைக்காரர்தான்! நன்னடத்தை இருந்தால் 7 ஆண்டு தண்டனைக்காரருக்கு 4 ஆண்டிலும், ஆயுள் கைதிக்கு 8 ஆண்டிலும் சொந்தமாக வேலை தேடிக்கொள்ளும் சீட்டு கிடைக்கும்.

பயணம் வேறு கதை. 1790-இல் வந்த இரண்டாவது கப்பல் அணியில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வழியிலேயே செத்தார். ஏற்றிய தலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்ததுதான் காரணம். உயிரோடு இறக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. பிற்காலத்தில் பணத்தின் ஒரு பகுதியை உயிரோடு இறக்கியதைப் பார்த்துக் கொடுத்தார்கள். 1815-இலிருந்து கப்பலுக்கொரு மருத்துவரையும் பொறுப்பில் வைத்தார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது.

சிங்கப்பூர்தான் நான்கில் நுட்பமான ஏற்பாடு. 1824 ஆங்கிலேய-டச்சு ஒப்பந்தத்தில் சுமத்ராவின் பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போகவே, அங்கிருந்த இந்தியக் கைதிகள் 1825-இல் இங்கு மாற்றப்பட்டனர். சென்னை மாகாணத்தவரும் அவர்களில் இருந்தார்கள். உழைப்பு முழுவதும் அரசுப் பணிகளுக்கே: சாலை, பாலம், கட்டடம். கைதிகள் ஆறு வகுப்பு. புதிதாக வந்தவருக்கு விலங்கு. ஒழுங்காக நடந்தால் விலங்கு கழலும். பிறகு அவரே மற்றக் கைதிகளுக்குக் காவலர் ஆவார். வெளிக் காவலருக்குச் சம்பளம் மிச்சம் என்பது அரசின் கணக்கு. மேலே ஏற ஒரு படி இருக்கிறதென்பது கைதியின் கணக்கு. இந்த முறை பல பத்தாண்டுகள் தாங்கியதற்குக் காரணம் அதுதான்.

அவர்கள் கைத்தொழிலுக்குச் சாட்சி, 1862-இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் உட்சுவர். பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் போட்டு மசிய இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் கலப்பார்கள். பூச்சு காய்ந்ததும் உருண்டைக் கல்லால் பளபளப்பு ஏறும்வரை தேய்க்க வேண்டும். அவ்வப்போது மாக்கல் தூளும் தூவ வேண்டும்.

1857 கிளர்ச்சிக் கைதிகளும் இங்கே வந்துவிடுவார்களோ என்று சிங்கப்பூரின் ஐரோப்பியர் எதிர்ப்புத் தெரிவித்தனர். இந்தியாவிலிருந்து கைதிகள் வருவது நின்றது. 1873-இல் எஞ்சியவர்கள் போர்ட் பிளேருக்குப் போனார்கள்.

போர்ட் பிளேர் 1858 மார்ச்சில், 200 கைதிகளோடு தொடங்கியது. காட்டை வெட்டச் சொன்னார்கள். அது அந்தமான் பழங்குடியினரின் காடு. தப்பியோடியவர்கள் அவர்கள் அம்புக்கும் பசிக்கும் இரையானார்கள். பிடிபட்டவர்களில் 80-க்கும் மேற்பட்டோரைக் குடியேற்றத்தின் கண்காணிப்பாளர் வாக்கர் தூக்கிலிட்டார். இங்கும் படிகள் இருந்தன. பத்தாண்டு கழிந்தால் சொந்தமாக உழுது பிழைக்கும் சீட்டு. ஆனால் இந்தியச் சிறையைவிட அந்தமானே மேல் என்று கைதிகள் நினைக்கிறார்கள் என 1890-இல் லயால், லெத்பிரிட்ஜ் என்ற இரு அதிகாரிகளின் விசாரணை சொன்னது. அதனால் முதற்படியிலேயே கடுமையைக் கூட்டத்தான் செல்லுலார் சிறை கட்டினார்கள், 1906-இல் முடிந்தது. ஏழு கிளைகள்; 13.5 அடிக்கு 7.5 அடி அறை. ஒரு கிளையின் முன்பக்கம் அடுத்ததன் முதுகைப் பார்க்கும், முகம் பார்க்க வழியில்லை. தாழ்ப்பாளும் கதவை விட்டுத் தள்ளிச் சுவர்க் குழியில். கம்பிக்குள்ளிருந்து கை நீட்டினாலும் எட்டாது. செக்கில் போட்டால் நாளுக்கு 30 ராத்தல் தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும். (வ.உ.சி. செக்கிழுத்தது இங்கே அல்ல, கோவை சிறையில். 1908-இல் அவருக்குத் தீவாந்தரம் விதித்தார்கள், அந்தமானுக்கு அனுப்பவில்லை.)

இவற்றில் ஆகக் கொடியது எது என்று கேட்டால், தென் அமெரிக்காவிலிருந்த பிரெஞ்சு கயானா என்பேன். 1852-இல் தொடங்கியது. 1854 சட்டப்படி 8 ஆண்டுக்குக் குறைவான தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்தபின் அதே கால அளவு அங்கேயே தங்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் ஆயுள் முழுவதும். விடுதலையானவருக்கு வேலை தருவார் இல்லை, கைதிகளின் மலிவான உழைப்பு பக்கத்திலேயே கிடைத்ததே! சிங்கப்பூர்க் கைதிக்கு ஒவ்வொரு படியும் மேலே போயிற்று. கயானாவில் கடைசிப் படியும் சிறைக்கே இறங்கியது. புதிதாக அனுப்புவதை 1938-இல் நிறுத்தினார்கள்; கடைசிக் கைதிகள் பிரான்சு திரும்ப 1953 ஆயிற்று.