மாடல் ஏ காரின் நான்கு சிலிண்டர் இன்ஜின்: பதினோரு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் அருகே வசிக்கும் நான், 1930-ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் ஏ டியூடர் செடான் (இரண்டு கதவுக் கார்) ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். இதுவரை ஏறத்தாழ 14,000 மைல், அதாவது 22,500 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காட்சிக்கு நிறுத்துவதற்காக வாங்கிய வண்டி அல்ல இது. பனியை உருக்கச் சாலையில் தூவிய உப்பு வசந்த கால மழையில் கழுவப்பட்ட பிறகு வெளியே எடுத்தால், முதல் பனி விழும் வரை வாரத்துக்கு இரண்டு முறையாவது கடைக்கும் நூலகத்துக்கும் போய்வரும். பெட்ரோல் பங்கில் நிறுத்தும்போதெல்லாம் யாராவது ஒருவர் வந்து, இதில் ஏன் எட்டு சிலிண்டர் கொண்ட ஒரு வி8 இன்ஜினைப் பொருத்திக்கொள்ளக் கூடாது என்று கேட்கிறார். பங்கில் நின்றுகொண்டு சொல்லி முடிக்க இயலாத பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இன்ஜின். நான்கு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் விட்டமும் 98.4 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 108 மி.மீ. மொத்தக் கொள்ளளவு 200.5 கன அங்குலம், அதாவது சுமார் 3.3 லிட்டர். இவ்வளவு பெரிய இன்ஜின் தருவது நிமிடத்துக்கு 2,200 சுற்றில் 40 குதிரைத்திறன் மட்டுமே என்று கேட்டால் சிரிப்பு வரலாம். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருப்பதும், அன்றைய பெட்ரோலின் தரத்துக்காக, சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அமுக்க விகிதத்தை 4.22-க்கு 1 என்று மிகத் தாழ்வாக வைத்ததும் அதற்குக் காரணங்கள். ஆனால் இந்த இன்ஜினின் குணத்தைச் சொல்லும் எண் குதிரைத்திறன் அல்ல, முறுக்குவிசை. நிமிடத்துக்கு வெறும் ஆயிரம் சுற்றிலேயே 128 பவுண்ட்-அடி கிடைத்துவிடுகிறது. தெருமுனையில் டாப் கியரை மாற்றாமலே மணிக்குப் பத்து மைல் வேகத்தில் திரும்பி, மெல்ல மிதித்தால், வண்டி முணுமுணுக்காமல் இழுத்துக்கொண்டு போகும். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் அரை மணி நேரம் பக்கத்தில் அமர்ந்து வந்துவிட்டு, "மாப்பிள்ளை, இது நம்ம கிணத்து ஆயில் இன்ஜின் மாதிரியில்ல இழுக்குது" என்றார். இதைவிடச் சரியான மதிப்புரையை நான் எங்கும் படித்ததில்லை.

அமெரிக்காவில் நான்கு சிலிண்டர் என்பது ஒரு காலத்தில் இயல்பான தேர்வாக இருந்து, பிறகு ஏழைகளின் தேர்வாக மாறியது. மாடல் ஏ விற்பனைக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டில், 1929-ஆம் ஆண்டு மாடலுக்காக, செவ்ரோலே ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கொண்டுவந்து, நான்கின் விலையில் ஆறு என்று விளம்பரம் செய்தது. பிளிமத் 1931-இல் நான்கு சிலிண்டரையே வைத்துக்கொண்டு, இன்ஜினை ரப்பர் தாங்கிகளின் மீது அசையவிட்டு அதிர்வைக் குறைத்தது. என் கணிப்பில், அந்தக் காலத்து நான்கு சிலிண்டர்களில் மிகவும் யோசித்துச் செய்த வேலை அதுதான். ஃபோர்டு 1932-இல் 221 கன அங்குல வி8 இன்ஜினை 65 குதிரைத்திறனோடு இறக்கியது. அதே ஆண்டில் மாடல் ஏ இன்ஜினைச் செம்மைப்படுத்தி 50 குதிரைத்திறன் தரும் மாடல் பி-யையும் விற்றது. வி8 இருக்கும்போது பி-யைக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு. அதற்குப் பிறகு அமெரிக்க நான்கு சிலிண்டரின் பெயரைக் காப்பாற்றியது வில்லீஸ் ஜீப்பின் 134 கன அங்குல இன்ஜின். அதன் வழிவந்த மகிந்திரா ஜீப்பில்தான் நான் வண்டி ஓட்டவே கற்றேன். அதனால் எனக்குச் சற்று ஒருதலைப்பட்சம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த இன்ஜினைக் கிளப்புவது ஒரு சிறு சடங்கு. பெட்ரோல் டேங்க் முன்கண்ணாடிக்குக் கீழே, ஏறக்குறைய ஓட்டுநரின் முழங்கால்களுக்கு நேராக இருக்கிறது. பம்பு கிடையாது, பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்குகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் குழாய்த் திருகைத் திறக்க வேண்டும். ஸ்டீயரிங்கின் இடப்பக்கத்து நெம்புகோலை முழுவதுமாக மேலே தள்ளினால், தீப்பொறி தாமதமாகும். வலப்பக்கத்து நெம்புகோலை மூன்று நான்கு பற்கள் கீழே இறக்கினால், த்ராட்டில் சற்றுத் திறக்கும். பிறகு வலப்பக்கம் எட்டி, சோக் கம்பியின் குமிழை ஒரு சுற்றுத் திருகி, சாவியைப் போட்டு, தரையில் இருக்கும் செல்ஃப் பட்டனை வலது காலால் மிதித்துக்கொண்டே அந்தக் கம்பியை ஒரு நொடி இழுத்துவிட வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் இடது நெம்புகோலைப் பாதிக்கு இறக்கினால், தடதடப்பு அடங்கிச் சீரான ஓட்டம் வரும். இடது நெம்புகோலை மேலே தள்ள மறந்து செல்ஃப் அடித்தால், இன்ஜின் பின்னோக்கி உதைத்து ஸ்டார்ட்டரின் ஸ்பிரிங்கை உடைக்கும். கைக்கிராங்கால் சுற்றுபவராக இருந்தால் மணிக்கட்டையே உடைக்கும். இடது கை தானாகவே மேலே போகும் பழக்கம் எனக்கு வர இரண்டு மாதங்கள் ஆயின.

சூடேறிய பின் த்ராட்டிலைக் குறைத்துத் தீப்பொறியைத் தாமதப்படுத்தினால், ஒவ்வொரு சிலிண்டர் வெடிப்பதையும் தனித்தனியாக எண்ண முடியும். வெடிக்கும் வரிசை 1-2-4-3. தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிளக்குகளுக்கு வயரே கிடையாது, நான்கு பித்தளைப் பட்டைகள்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றின் மேல் கை பட்டால் ஷாக் அடிக்கும். ஒருமுறை அடித்தும் இருக்கிறது.

ஓட்டுவதில் உள்ள சிரமம் கியரில்தான். பற்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோமெஷ் மூன்று கியர்களிலும் இல்லாததால், நம்மூர்ப் பழைய லாரி ஓட்டுநர்களைப் போல டபுள் கிளட்ச் அடித்து, அதாவது கிளட்சை இரண்டு முறை மிதித்துத்தான் மாற்ற வேண்டும். இன்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃபிளைவீல் மட்டும் ஏறத்தாழ 28 கிலோ எடையுள்ளது என்பதால் இன்ஜினின் வேகம் மெதுவாகத்தான் குறையும். அவசரப்பட்டு அடுத்த கியருக்குத் தள்ளினால் பற்கள் அரைபடும் சத்தம் தெருவுக்கே கேட்கும். முதல் கோடையில் ஒரு பட்டறையில் கியர்பாக்ஸுக்கு நவீன மெல்லிய ஆயிலை ஊற்றிக் கொடுத்தார்கள். இந்தப் பெட்டிக்குத் தேன் போன்ற கெட்டியான ஆயில்தான் வேண்டும். அந்தக் கெட்டித்தன்மைதான் சுழலும் பற்களை மெதுவாக்கி, மாற்றுவதற்கு இடம் கொடுக்கிறது. மெல்லிய ஆயிலோடு இரண்டு வாரங்கள் அரைத்துக்கொண்டே ஓட்டினேன். தவறு என் கையில்தான் என்று நினைத்திருந்தேன். ஆயிலை மாற்றிய அன்றே பாதித் தொல்லை போய்விட்டது.

சமவெளியில் மணிக்கு 45 மைல் (72 கி.மீ.) இந்த வண்டிக்கு இயல்பான வேகம். அதற்கு மேல் 55 வரை போகும், புதிதாக இருந்தபோது 65-ஐயும் தொட்டிருக்கும். ஆனால் 50-ஐத் தாண்டியதும் தரைப்பலகை வழியாக உள்ளங்காலில் ஏறும் அதிர்வு, போதும் என்று சொல்லிவிடுகிறது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டில், அதிர்வைச் சமன்செய்யும் எதிர் எடைகள் இல்லை. அதைத் தாங்குபவை மூன்றே மெயின் பேரிங்குகள்.

அந்தப் பேரிங்குகளில்தான் விஷயமே இருக்கிறது. இன்றைய இன்ஜின்களில் இருப்பதைப் போல் கழற்றி மாட்டும் மெல்லிய தகடுகள் அல்ல இவை; வெள்ளீயம் கலந்த பாபிட் என்ற மென்மையான உலோகத்தை உருக்கி, இன்ஜினின் உடலான பிளாக்கிலும், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடிலும் நேரடியாக ஊற்றிக் கடைந்தவை. ஆயில் பம்பு இருக்கிறது, ஆனால் அழுத்தத்தோடு பேரிங்குகளுக்கு ஆயிலைச் செலுத்துவதில்லை. அது ஆயிலை வால்வு அறைக்கு ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து மெயின் பேரிங்குகளுக்குத் தானாக வழிகிறது. கனெக்டிங் ராடுகளின் அடியில் இருக்கும் சிறு கரண்டிகள், சுற்றும்போது கீழே உள்ள தொட்டியிலிருந்து ஆயிலை அள்ளிக்கொள்கின்றன. ஃபில்டர் கிடையாது. ஆகவே 500 மைலுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொன்ன அந்தக் காலத்து அறிவுரையை நான் இன்றும் கடைப்பிடிக்கிறேன். இப்படிப்பட்ட அடித்தளத்தின் மீது கூடுதல் வேகத்தையும் கூடுதல் அழுத்தத்தையும் ஏற்றினால் முதலில் போவது பாபிட்தான். நான்கு சக்கரங்களிலும் கம்பிகளால் இழுக்கப்படும் பிரேக்குகள் அடுத்த எல்லை. அவை ஒழுங்காக முடுக்கப்பட்டிருந்தால் 40 மைல் வேகத்தில் நம்பிக்கையோடு நிறுத்தும். 60-இல் நான் சோதித்துப் பார்க்க விரும்பவில்லை. 40 குதிரைத்திறன் போதாது என்பவர்கள், அதற்கு மேல் இருப்பதைத் தாங்கவும் நிறுத்தவும் இந்த வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

எனினும், மாற்றமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மூன்றாம் ஆண்டில் என் முன் மூன்று வழிகள் இருந்தன. வி8 இன்ஜினைப் பொருத்துவது முதல் வழி. அதைச் செய்தால் ரேடியேட்டர், பிரேக், பின் அச்சு என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, கடைசியில் மாடல் ஏ-யின் கூடு மட்டுமே மிஞ்சும். இரண்டாவது, மாடல் பி இன்ஜின். அதன் மெயின் பேரிங் விட்டம் 1.625 அங்குலத்திலிருந்து 2 அங்குலமாகப் பெருத்தது. மெயின் பேரிங்குகளுக்கு ஆயில் அழுத்தத்தோடு போகிறது. தீப்பொறி நேரத்தை டிஸ்ட்ரிபியூட்டர் தானாகவே முன்தள்ளிக்கொள்கிறது. அதிக வேலையில்லாமல் மாடல் ஏ-யில் உட்காரும் என்பதால், பழுதான இன்ஜினோடு வண்டி வாங்குபவர் யாராவது கேட்டால் நான் பி-யைத்தான் பரிந்துரைப்பேன். என் வண்டியின் பிளாக் நல்ல நிலையில் இருந்ததால் மூன்றாவது வழியை எடுத்தேன்: பழைய ஹெட்டை எடுத்துவிட்டு, அமுக்க விகிதம் 5.5-க்கு 1 தரும் ஹெட்டைப் பொருத்தினேன்.

பக்கவாட்டு வால்வு இன்ஜினில் ஹெட் என்பது ஒரு கனத்த மூடிதான். உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லை. தண்ணீரை வடித்து, பதினான்கு நட்டுகளைக் கழற்றி, கேஸ்கெட்டை மாற்றி, நடுவிலிருந்து வெளிப்புறமாகப் படிப்படியாக 55 பவுண்ட்-அடி வரை முடுக்கினேன். வண்டி சூடேறி ஆறிய பிறகு மறுபடியும் ஒரு சுற்று முடுக்கினேன். ஒரு சனிக்கிழமை போதுமானதாக இருந்தது. பலன் உடனே தெரிந்தது. எங்கள் வீட்டிலிருந்து மேற்கே, பழைய டெட்ராய்ட்–சிகாகோ நெடுஞ்சாலையான யு.எஸ். 12 வழியாகப் போனால் ஐரிஷ் ஹில்ஸ் என்ற மேடு பள்ளங்கள் வரும். நால்வரை ஏற்றிக்கொண்டு போனால் முன்பு அங்கே இரண்டு மேடுகளில் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. இப்போது 35 மைல் வேகத்தில் டாப் கியரிலேயே ஏறிவிடுகிறது. மைலேஜ் காலனுக்கு 17 மைலிலிருந்து 18 ஆனது, அதாவது லிட்டருக்கு ஏழரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்த விகிதத்துக்கு இன்றைய சாதாரண பெட்ரோலே தாராளம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மேட்டில் சுமையோடு ஏறும்போது இடது நெம்புகோலை இரண்டு பற்கள் மேலே ஏற்றாவிட்டால் கலவை தப்பான நேரத்தில் வெடிக்கும் நாக்கிங் சத்தம் கேட்கும், அந்த ஒவ்வொரு தட்டும் பாபிட்டின் மீது விழும் சுத்தியல் அடி.

நடுவழியில் நின்ற கதை ஒன்றுதான், அதுவும் என் கைவேலை. டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரத்தை வைப்பது இதில் மிக எளிது. இன்ஜினின் முன்மூடியில் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கழற்றித் தலைகீழாகத் துளையில் செருகி, கைக்கிராங்கை மெல்லச் சுற்றினால், கேம் பற்சக்கரத்தில் இருக்கும் சிறு குழியில் அதன் முனை விழுவது விரலில் தெரியும். முதல் சிலிண்டர் வெடிக்க வேண்டிய இடம் அது. இடது நெம்புகோலை முழுவதும் மேலே வைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் கேமைச் சுழற்றி, தீப்பொறியை உண்டாக்கும் மின்தொடர்பு முனைகளான பாயிண்டுகள் அப்போதுதான் பிரியும்படி வைத்து, அதன் நடுத்திருகை இறுக்க வேண்டும். அன்று எல்லாவற்றையும் செய்துவிட்டு அந்த நடுத்திருகை விரலால் மட்டும் முடுக்கிவிட்டுக் கிளம்பினேன். பதினெட்டாவது மைலில், சோளக்காட்டுக்கு நடுவே, இன்ஜின் இரண்டு முறை சைலன்சரில் வெடித்து அடங்கிவிட்டது. முன்மூடியின் திருகே அளவுகோலாகவும் இருப்பதால், ஒரு ஸ்க்ரூடிரைவரோடு இருபது நிமிடத்தில் மறுபடி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மற்றவை சில்லறை விஷயங்கள். தண்ணீர் பம்பின் நட்டை மாதம் ஒருமுறை முடுக்காவிட்டால் சொட்டும். பாயிண்ட் இடைவெளியை ஆயிரம் மைலுக்கு ஒருமுறை 0.020 அங்குலத்துக்குச் சரிசெய்கிறேன். ஆறு வோல்ட் விளக்குகளை நம்பி இரவில் ஓட்டுவதில்லை. உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. 48 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் என்பதால் அந்தக் கவலை இல்லை. வாங்க நினைப்பவர்கள் ஹிக்கரி கார்னர்ஸில் உள்ள மாடல் ஏ அருங்காட்சியகத்தையோ, செப்டம்பரில் டியர்பார்னின் கிரீன்ஃபீல்டு வில்லேஜில் நடக்கும் பழைய கார் திருவிழாவையோ ஒருமுறை பார்த்துவிட்டு, ஓடும் இன்ஜினின் அருகே நின்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

போன அக்டோபரிலிருந்து என் இன்ஜினில் லேசான தட்டல் ஒன்று கேட்கிறது. முதல் பிளக்கை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் நின்றுவிடுகிறது என்பதால் முதல் கனெக்டிங் ராடின் பேரிங்தான் தேய்ந்திருக்கிறது. அதன் மூடிக்கு அடியில் தாள் போன்ற ஷிம்கள் அடுக்கப்பட்டிருக்கும். இந்தக் குளிர்காலத்தில் ஆயில் பேனை இறக்கி, அதில் ஒன்றை உரித்தெடுத்து இடைவெளியை மறுபடி 0.0015 அங்குலத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஷிம் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும்.