இடுப்பு மூட்டு மாற்றிய பின் டாப்ளர் ஸ்கேன்: மதுரை ஸ்கேன் மையம் ஒன்றில் எங்கள் அனுபவம்

என் தாயாருக்கு 68 வயதில், மதுரைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் வலது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அறுவை சிகிச்சையில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் செய்யும்போது, காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேன் எடுத்து, "எல்லாம் நார்மல்" என்று சொல்லி, உறையாமல் இருக்கப் போட்டுவந்த ஊசியை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் மாத்திரையும் எழுதித் தரவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில், வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆசையாக மறுபடி போட்டுக்கொண்ட கொலுசு வலது கணுக்காலில் தோலோடு பதிந்திருந்தது. அறுவை செய்த காலில் ஓரளவு வீக்கம் இருக்கும்தான். ஆனால் இன்ச் டேப்பால் அளந்தபோது அந்தக் கெண்டைக்கால் மற்றதைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருந்தது. குடும்ப மருத்துவர் உடனே மறுபடி டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சீட்டு எழுதித் தந்தார். உடலில் ரத்த உறைவு இருந்தால் கூடுதலாகக் காட்டும் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையும் எடுக்கட்டுமா என்று கேட்டேன். அறுவை சிகிச்சைக்குப் பின் சில வாரங்களுக்கு அது எப்படியும் கூடுதலாகத்தான் காட்டும் என்று சொல்லி வேண்டாமென்றார்.

நாங்கள் சென்றது வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய ஸ்கேன் மையம். தொலைபேசியிலேயே எந்த மூட்டு, எத்தனை நாளாயிற்று என்று கேட்டுக்கொண்டவர்கள், நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முழங்கால்களுக்கு இடையில் வைக்கத் தலையணையை எடுத்து வைத்திருந்தார்கள். கால்மேல் கால் போடக்கூடாத நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது உடனிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

மருத்துவரே ஸ்கேன் செய்தார். தொடை இடுக்கில் தொடங்கி, இரண்டு விரல் இடைவெளிக்கு ஒருமுறை கருவியை அழுத்தியபடி கெண்டைக்கால் வரை பொறுமையாக இறங்கிவந்தார். திரையை என் பக்கம் திருப்பியும் காட்டினார்: அழுத்தும்போது நல்ல சிரை வாய் மூடுவதுபோல் மூடிக்கொண்டது, பக்கத்திலிருந்த தமனி மூடாமல் துடித்தது, முழங்காலுக்குப் பின்னால் வந்தபோது சிரையும் மூடவில்லை. உறைவு அங்கேதான் இருந்தது. அறிக்கைக்குக் காத்திருக்க வைக்காமல் எங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து அவரே விவரம் சொன்னதால், அன்றிரவே சிகிச்சை தொடங்கியது. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு அம்மா இப்போது நலமாக நடக்கிறார்.

ஐந்தாம் நாள் எடுத்த ஸ்கேன் ஐந்தாம் நாளின் நிலையை மட்டுமே சொல்லும். உறையும் ஆபத்தோ வாரக்கணக்கில் நீடிக்கிறது. அறிகுறி இல்லாதவர்களுக்கு இப்படி வழக்கமாக ஸ்கேன் எடுப்பதை அமெரிக்க எலும்பியல் மருத்துவர் சங்கம் 2011-லும், அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரி 2012-லும் வேண்டாமென்றே பரிந்துரைத்திருக்கின்றன. தடுப்பு மருந்தைக் குறைந்தது 10 முதல் 14 நாள், முடிந்தால் 35 நாள் வரை தர வேண்டும் என்பதும் மார்பு மருத்துவர் கல்லூரியின் பரிந்துரைதான். இதை முன்பே அறிந்திருந்தால், டிஸ்சார்ஜ் அன்று ஸ்கேன் முடிவைக் கேட்டதோடு நில்லாமல் மருந்தைப் பற்றியும் கேட்டிருப்பேன்.

மையத்தில் குறைகளும் உண்டு. வாசலில் இரண்டு படிகள், சாய்தளம் இல்லை. சக்கர நாற்காலியைத் தூக்கித்தான் ஏற்றினோம். கழிப்பறை இருக்கை தாழ்வானது, இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் அதில் உட்காரக்கூடாது. ஒரு காலுக்கு 2,400 ரூபாய் வாங்கினார்கள். அந்தக் கவனிப்புக்கு அது மிகையில்லை. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் இங்கே காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள் என்று வரவேற்பு மேசையின் மேல் பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.